கார்பமசெபின் தண்ணீரில் ஊசியாக மாறுவது ஏன்?

உங்கள் மருந்து சிதையவில்லை. தண்ணீரில் ஓர் இரவு கலக்கவிட்ட கார்பமசெபின் (வலிப்பு நோய் மருந்து) தூள் ஊசிகளாக மாறி, கரைதிறனும் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது டைஹைட்ரேட் படிகம். ஒரு மருந்து மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்துவிட்டன.

தண்ணீரில் நிலையான வடிவம் அதுதான். நீரற்ற மூன்றாம் வடிவம் (நீங்கள் தொடங்கிய தூளின் படிக வடிவம்) முதலில் அதிகமாகக் கரையும். பிறகு கரைசலிலிருந்து டைஹைட்ரேட் படியும், கரைந்திருக்கும் அளவு இறங்கும். எச்.பி.எல்.சி.யில் (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) இரண்டும் ஒரே உச்சிதான் காட்டும். அதை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள்.

சோதிக்க:
1. கண்ணாடித் தகட்டில் துளி தூள், துளி தண்ணீர். நுண்ணோக்கியில் பாருங்கள்: கட்டையான படிகங்களின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஊசிகள் முளைத்து நீளும்.
2. வடிகட்டி, சூடுபடுத்தாமல் உலர்த்தி கார்ல் ஃபிஷர் (நீரின் அளவைக் காணும் சோதனை) போடுங்கள். முழு டைஹைட்ரேட் என்றால் நீர் 13.2%. கூடினால் மேற்பரப்பு ஈரம், குறைந்தால் மாற்றம் பாதியில் நிற்கிறது.

அடுப்பில் உலர்த்தினால் நீர் போகும். ஆனால் நீங்கள் தொடங்கிய அதே மூன்றாம் வடிவம்தான் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எந்தப் படிக வடிவம் என்று அறிய எக்ஸ்-கதிர் தூள் வரைபடம் எடுத்தே தீர வேண்டும். நியமக் கரைசலுக்கு (ஒப்பிட்டு அளக்கப் பயன்படும், செறிவு தெரிந்த கரைசல்) இந்த ஊசிகளை எடை போட்டால் 100 மி.கி.யில் மருந்து 86.8 மி.கி.தான். மாற்றத்தைத் தாமதப்படுத்த வேண்டுமானால் தண்ணீரில் சிறிது எச்.பி.எம்.சி. (செல்லுலோஸிலிருந்து செய்யப்படும் பாலிமர்) சேர்த்துப் பாருங்கள்.