கூடச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன பெயர்?

வணக்கம் சார்,

அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு பிரிவு. மதியச் சாப்பாடு மட்டும் எப்போதும் ஒன்றாகத்தான். மற்றபடி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதுகூட இல்லை. இவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபிரெண்ட்ஸ் என்றால் கொஞ்சம் அதிகம், கொலீக்ஸ் என்றால் கொஞ்சம் குறைவு. அகராதியில் தேடியதில் 'கமென்சல்' என்று ஒன்று கிடைத்தது. அதைப் போடலாமா? வேறு நல்ல சொல் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

போடாதீர்கள். அகராதி பொய் சொல்லவில்லை, லத்தீனில் 'மென்சா' என்றால் மேசை, ஒரே மேசையில் உண்கிறவர்களைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வான் பெனெடன் என்ற பெல்ஜிய விலங்கியலாளர் இன்னொரு உயிரை அண்டி, அதற்குக் கெடுதல் செய்யாமல் தன் பாட்டுக்குத் தின்று பிழைக்கும் பிராணிகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார், அது அப்படியே அறிவியலில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குக் கொஞ்சம் படித்த ஆங்கில வாசகர் அந்தச் சொல்லைப் பார்த்தால் திமிங்கிலத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்னக்கிள் என்ற சிறு கடல் உயிரிதான் அவருக்கு ஞாபகம் வரும். மானுடவியல்காரர்கள் 'கமென்சாலிட்டி' என்று சேர்ந்து உண்ணும் வழக்கத்தைச் சொல்வார்கள், அது ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. (பாராசைட் என்பதும் இதே கதைதான். கிரேக்கத்தில் அடுத்தவன் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறவன் என்று பொருள், பணக்காரன் வீட்டில் முகஸ்துதி பாடியே வயிறு வளர்க்கும் ஆள். அங்கே நாடகங்களில் அவன் நிரந்தரக் கோமாளி.)

நீங்கள் தேடும் பொருளில் ஆங்கிலத்தில் சொற்கள் இல்லாமல் இல்லை. இருந்தவை எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டன, அதுதான் சிக்கல். 'கம்பேனியன்' என்பதற்குள் 'பானிஸ்', அதாவது ரொட்டி இருக்கிறது, ரொட்டியைப் பகிர்ந்து தின்கிறவன் என்றுதான் அதன் பிறப்பு. இப்போது அதில் ரொட்டி வாசனையே கிடையாது, வழித்துணை என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது, சில இடங்களில் கூட வாழ்பவர் என்றும் அர்த்தமாகும், உங்கள் கட்டுரையில் அது தேவையில்லாத சந்தேகத்தைக் கிளப்பும். 'டைனிங் கம்பேனியன்' என்று எழுதினாலோ அன்று ஒரு வேளை கூட வந்து உட்கார்ந்த ஆள் என்றுதான் படும், பத்திரிகையில் உணவக விமர்சனம் எழுதுகிறவர்கள் தங்களோடு வந்தவரின் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். 'மேட்' இன்னும் வேடிக்கை. ஆஸ்திரேலியர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் போடுகிற அந்த 'மேட்' இடைக்காலத்தில் ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றிலிருந்து வந்தது, 'மீட்' என்ற சொல்லுக்கு உறவு. அந்தக் காலத்தில் மீட் என்றால் இறைச்சி மட்டுமல்ல, சாப்பாடு எதுவானாலும் மீட்தான். ஆக அதுவும் கூடச் சாப்பிடுகிறவன்தான். யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

உங்கள் ஐந்து பேருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சொல் உண்டென்றால் அது 'மெஸ்மேட்'. பாய்மரக் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகள் சிறு சிறு குழுவாகப் பிரிந்து, பீரங்கிகளுக்கு நடுவே தொங்கவிட்ட மேசையில் சாப்பிடுவார்கள். அந்தக் குழுதான் மெஸ். சமையல்காரரிடமிருந்து சாப்பாடு வாங்கிவர முறை வைத்து ஒருவர் போவார். மெஸ்மேட்டுக்குப் பிறகு கப்பல்தோழன், அவனுக்குப் பிறகு அந்நியன், அந்நியனுக்குப் பிறகு நாய் என்று அவர்களிடையே ஒரு பழமொழியே இருந்தது. கப்பல் முழுக்க நூற்றுக்கணக்கில் ஆள் இருக்கும்போது ஒரே மேசைக்காரனுக்கு எவ்வளவு உயர்ந்த இடம் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல். ஆனாலும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்கு அதைச் சூட்டினால் மாறுவேடம் போட்டது போலத் தெரியும். கடற்படை விஷயத்தையும் சேர்த்து ஒரு பத்தி எழுதப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்று பேச்சில் என்ன சொல்கிறார்கள்? லஞ்ச் பட்டீஸ், லஞ்ச் க்ரூ, லஞ்ச் பஞ்ச். முதல் இரண்டும் வாய்க்கு நல்லது, மூன்றாவது எதுகைக்காகவே பிறந்தது, கொஞ்சம் பள்ளிக்கூட வாடை. 'டேபிள்மேட்' என்பது விருந்தில் யாரோ உங்களை உட்காரவைத்த மேசையில் எதிரே இருந்தவர் என்று கேட்கும். 'ப்ரேக் பிரெட் வித்' வேண்டவே வேண்டாம், அதில் பைபிளின் கனம் இருக்கிறது, பகைவர்கள் சமாதானமாகும் இடத்தில் வைக்க வேண்டியது.

என்னைக் கேட்டால் பெயர்ச்சொல் தேடுவதையே விட்டுவிடுங்கள். ஆங்கிலம் இந்த இடத்தில் வினையை வைத்துச் சமாளிக்கும்: 'த பீப்பிள் ஐ ஹேவ் லஞ்ச் வித்.' அவ்வளவுதான். நட்பென்றும் சொல்லவில்லை, வேலை உறவென்றும் சொல்லவில்லை, நீங்கள் கடிதத்தில் தவித்த அந்த அளவு அதில் சரியாக இருக்கிறது. அப்புறம் 'ரெகுலர்லி' சேர்க்காதீர்கள். 'ஹேவ்' என்ற சாதாரண நிகழ்காலமே ஆங்கிலத்தில் வழக்கத்தைச் சொல்லிவிடும், நாம்தான் 'வழக்கமாக' என்று ஒன்றை மொழிபெயர்த்து ஒட்டுகிறோம். 'வித்'தில் வாக்கியம் முடியக்கூடாது என்று யாராவது பிடித்தால் கண்டுகொள்ள வேண்டாம். 1672இல் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் கிளப்பிவிட்ட குறை அது, நன்றாக எழுதுகிறவர்கள் பலரும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

முதல் முறை இதை முழுசாகச் சொல்லிவிட்டால் போதும். அடுத்தடுத்த இடங்களில் 'த அதர் ஃபோர்' என்றே எழுதலாம், யாரைச் சொல்கிறீர்கள் என்று வாசகருக்கு அதற்குள் தெரிந்திருக்கும்.