லாக்கும் கயிறும் தனி ஆளும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, இங்கிலாந்துல ஊருக்குள்ள ஓடுற கால்வாய்கள்ல நான் தனியா நேரோபோட் (ஒல்லியா நீளமா இருக்கிற படகு) ஓட்டிட்டுப் போற கதையை நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல சிலது இங்க.

டிவில பார்த்தா படகு அது பாட்டுக்கு மிதந்து போகுது, கையில டீ, பக்கத்துல வாத்து. தனியா போனாலும் அவ்வளவு சொகமா இருக்குமா? (வாசகர், திருச்சி)

அந்த டீயும் வாத்தும் நிஜம்தான் சார், அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா டிவிக்காரங்க எதை வெட்டுறாங்கன்னு பாருங்க, லாக்கைத்தான் வெட்டுறாங்க (ரெண்டு பக்கமும் கேட் போட்ட தொட்டி அது, உள்ள தண்ணியை நிரப்பியோ வடிச்சோ படகை மேட்டுக்கு ஏத்தும், பள்ளத்துக்கு இறக்கும்). படகு உள்ள வரும், கேட் மூடும், அடுத்த ஷாட்ல மேல போயிட்டு இருக்கும். நடுவுல இருபது நிமிஷம் காணாம போயிருக்கும். தனியா போறவனுக்கு அந்த இருபது நிமிஷம்தான் நாள் முழுக்க வேலையே. 2015ல பிபிசி ஃபோர்ல கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்ல ரெண்டு மணி நேரம் வெட்டாம ஒரே ஓட்டமா ஒரு படகுப் பயணத்தைக் காட்டினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச நிகழ்ச்சி அது. பாத் நகரத்துல லாக் எல்லாம் முடியுற இடத்துல ஆரம்பிச்சு டண்டாஸ் நீர்ப்பாலத்துல முடிப்பாங்க, வழியில ஒரு லாக் கூட கிடையாது. அதே கால்வாய்ல கிழக்கால கொஞ்ச தூரம் போனா டிவைசஸ் ஊர்கிட்ட கேன் ஹில்னு ஒரு சரிவு வரும், மொத்தம் 29 லாக், அதுல 16 ஒண்ணு மேல ஒண்ணா நேர்கோட்டுல படிக்கட்டு மாதிரி நிக்கும். கேமராவை அங்க கொண்டு போய் வெச்சு வெட்டாம காட்டியிருந்தா நீங்க இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க.

லாக்னா பனாமா கால்வாய்ல கப்பலை ஏத்துறாங்களே, அதேதானா? ஒருத்தரே எப்படி ரெண்டு பக்கமும் பார்த்துக்கிறது? (வாசகி, கும்பகோணம்)

தத்துவம் அதேதான்மா, அளவுதான் வேற. பனாமால மோட்டார் கேட்டைத் திறக்கும், இங்க உங்க முதுகுதான் திறக்கணும். இந்தக் கால்வாய் பலதும் 1700கள்ல வெட்டினது, பிரிண்ட்லி மாதிரி இஞ்சினியருங்க லாக்கை ஏழடி அகலத்துக்குக் கட்டிட்டாங்க, அதனாலதான் படகு ஆறடி பத்து அங்குலம், நீளம் மட்டும் எழுபதடி வரைக்கும் போகும். ஒரு குறுகலான லாக்கை ஒரு தடவை காலி பண்ணினா சுமாரா ஒரு லட்சம் லிட்டர் தண்ணி கீழ போகுது.

மேல ஏறணும்னு வைங்க. லாக்குக்குக் கீழ கரையில படகை ஒதுக்கி, நடுக்கயிறைக் கையில பிடிச்சுட்டு இறங்கிக் கட்டணும் (படகோட கூரை நடுவுல இருந்து வர்ற கயிறு இது, தனியா போறவனுக்கு உயிர்நாடி). மேல நடந்து போய் லாக்ல தண்ணி இருக்கான்னு பார்க்கணும், இருந்தா விண்ட்லாஸ்ங்கிற அந்த L மாதிரி இரும்புக் கைப்பிடியைப் பல்சக்கரத்துல மாட்டிச் சுத்தி, பேடில்னு சொல்ற மதகுப் பலகையைத் தூக்கித் தண்ணியை வடிக்கணும். வடிஞ்சதும் கீழ்க்கேட்டைத் திறக்கணும். திரும்ப படகுக்கு வந்து, அவுத்து, இந்தப் பக்கம் ஒரு அங்குலம் அந்தப் பக்கம் ஒரு அங்குலம் இடைவெளியில உள்ள ஓட்டி நிறுத்தி, வழுக்குற இரும்பு ஏணியில ஏறணும், ஏறும்போது அந்த நடுக்கயிறு கையை விட்டுப் போகவே கூடாது, விட்டீங்கன்னா நீங்க மேல, படகு கீழ, இழுக்க ஆளில்ல. கயிறைக் கரையில இருக்கிற கட்டையில ஒரு சுத்து சுத்திக் கையில வெச்சுக்கணும், முடிச்சு மட்டும் போடக்கூடாது. கீழ்க்கேட்டை மூடி, கீழ் பேடிலை இறக்கிட்டு, மேல் பேடிலைப் பாதி மட்டும் தூக்கணும், ஒரேயடியா தூக்கினா உள்ள வர்ற தண்ணி படகை முன்னயும் பின்னயும் தூக்கி அடிக்கும். நிரம்பின பிறகு மேல்க்கேட்டைத் திறந்து, படகை வெளிய எடுத்து, மறுபடி கட்டிட்டு, திரும்பி வந்து பேடிலை இறக்கிக் கேட்டை மூடிட்டுப் போகணும். ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் படகுலயே நிப்பார், இன்னொருத்தர் கேட்டைப் பார்ப்பார், பாதி நடை மிச்சம்.

அந்தக் கேட்டைத் தள்ற இடத்தைப் பக்கத்துல இருந்து பார்க்கணும் நீங்க. கேட்டு மேல ஒரு பெரிய மர உத்திரம் நீட்டிட்டு இருக்கும், அதுல முதுகை வெச்சு, காலை ஊணித் தள்ளணும். தரையில வில்லு மாதிரி வளைவா செங்கல்லை வரிவரியா மேடாக்கிப் பதிச்சிருப்பாங்க, வழுக்காம கால் ஊணுறதுக்குத்தான். பல இடத்துல அந்தச் செங்கல் முனை மழுங்கி வழவழன்னு ஆகியிருக்கு. எத்தனை தலைமுறைப் படகுக்காரங்க காலோ, பொம்பளைங்க பிள்ளைங்க கால் உட்பட. அதுல என் பூட்ஸை வெக்கிறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நெகிழும்.

ஆபத்து இருக்கா? (வாசகர், ஈரோடு)

இருக்கு, டிவில இதைத்தான் இன்னும் அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிறேன். மேல்க்கேட்டுக்கு அடியில லாக்குக்குள்ள ஒரு படி துருத்திட்டு இருக்கும், நம்ம வாசப்படி மாதிரி, அதுக்குப் பேர் சில். லாக் நிறைஞ்சிருக்கும்போது தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கும். கீழ இறங்குறப்ப படகோட பின்பக்கம் அதுமேல மாட்டிக்கிச்சுன்னா தண்ணி வடிய வடிய பின்பக்கம் அப்படியே தொங்கும், மூக்கு கீழ போகும், முன்பக்கமா தண்ணி ஏறி சில நிமிஷத்துல படகு முழுகிடும். கரையில வெள்ளைக்கோடு போட்டிருப்பாங்க, படகோட பின்பக்கமும் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால வந்து நிக்கணும். தனியா இருக்கிறவன் கரையில நின்னு பேடிலைச் சுத்திட்டு இருப்பான், படகு அதுபாட்டுக்குப் பின்னால நகரும், அதனால ஒரு கண்ணு எப்பவும் அந்தக் கோட்டுல இருக்கணும். மாட்டிக்கிச்சுன்னா உடனே கீழ் பேடிலை இறக்கிட்டு மேல் பேடிலை மெதுவாத் தூக்கித் திரும்ப நிரப்பணும்.

இன்னொண்ணு, விண்ட்லாஸை மாட்டின இடத்துலயே விட்டுட்டு நகரக்கூடாது. உஸ்டர் பர்மிங்ஹாம் கால்வாய்ல டார்டிபிக்னு 30 லாக் வரிசையா இருக்கு, 220 அடி ஏத்தம், பிரிட்டன்லயே நீளமான வரிசை. நாலாவது லாக்ல நான் கயிறைப் பார்க்கப் போறேன்னு விண்ட்லாஸை விட்டுட்டுத் திரும்பினேன், பிடிப்பு நழுவி அது காத்தாடி மாதிரி சுத்திப் பறந்து, என் முழங்கையை ஒட்டிப் போய்த் தண்ணில விழுந்துச்சு. பத்து நிமிஷம் உக்காந்துட்டேன், கை நடுங்கிட்டே இருந்துச்சு. அன்னைல இருந்து இடுப்பு பெல்ட்ல ஒண்ணு, படகுல ரெண்டு.

தனியா போறவங்களை டிவில காட்டினதே இல்லையா? (வாசகி, மதுரை)

காட்டியிருக்காங்க. ராபி கம்மிங்னு ஒருத்தர் தன் படகுல தனியா போய், தானே கேமரா வெச்சு எடுத்த நிகழ்ச்சி 2019ல பிபிசி ஃபோர்ல ஆரம்பிச்சது, அதுல இஞ்சின் மக்கர் பண்றது, மழை, சகதி எல்லாம் இருக்கு. நான் அதைப் பார்க்குறப்ப ஒரு விஷயத்தைத்தான் நினைப்பேன்: படகு தூரத்துல போற மாதிரி ஒரு ஷாட் வேணும்னா அவர் கேமராவைக் கரையில நட்டுட்டு, படகை ஓட்டிட்டுப் போய், கட்டிட்டு, திரும்ப நடந்து வந்து கேமராவை எடுக்கணும். லாக்ல ஏற்கனவே இருக்கிற நடைக்கு மேல இது வேற. அந்த உழைப்புக்கு என் மரியாதை.

திமோதி வெஸ்ட், ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ் தம்பதி கால்வாய்ப் படகுல போற நிகழ்ச்சியை மகள் வீட்டுல பார்த்தேன். அந்தம்மாவுக்கு மறதி நோய்னு சொன்னாங்களே? (வாசகி, சென்னை)

ஆமாம்மா. 2014ல ஆரம்பிச்சது. ரெண்டு பேருமே பெரிய நடிகர்கள், ஊரறியத் தன் மனைவிக்கு ஞாபகம் குறையுதுன்னு அவர் சொல்லிட்டுத்தான் படகை ஓட்டினார். அவர் டில்லரை (படகைத் திருப்புற சுக்கான் பிடி) பிடிச்சுட்டு நிப்பார், அந்தம்மா லாக் வேலைக்கு இறங்குவாங்க. நேத்து நடந்தது மறந்தாலும் விண்ட்லாஸை எங்க மாட்டணும், எந்தப் பக்கம் நின்னு தள்ளணும்னு கைக்கும் முதுகுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. லாக்கை டிவி மதிச்சுக் காட்டினது அங்கதான்னு நான் சொல்வேன். அவர் 2024லயும் அந்தம்மா 2025லயும் போயிட்டாங்க. தனியா போறவன்தான் நான், ஆனா கேட்டுகிட்ட அந்தம்மா நிக்கிற காட்சி வந்தா இன்னும் கண்ணு கலங்கிடுது.

எனக்கு 63 வயசு, மகன் லண்டன்ல. படகு ஓட்டத் தெம்பில்ல, பார்க்கவாவது முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

தாராளமா. வாடகைக்கு எடுக்கலாம்னாலும் பல கம்பெனிங்க தனி ஆளுக்குக் குடுக்கிறதில்ல, அதனால கேம்டன் டவுனுக்கு ரயில்ல போங்க. ரீஜன்ட்ஸ் கால்வாய்ல அங்க மூணு லாக் அடுத்தடுத்து இருக்கு, பெஞ்சு, காபிக்கடை எல்லாம் உண்டு. கயிறும் கையுமா யாராவது தனியா வந்தா, "கேட்டைத் தள்ளட்டுமா?"ன்னு முதல்ல கேளுங்க, கேக்காம பேடிலைத் தொட வேணாம். சரின்னு சொன்னா உத்திரத்துல முதுகை வெச்சு மெதுவா அழுத்துங்க, வேகமாத் தள்ளினா நகராது, சாஞ்சு நின்னா தானா நகரும். படகு வெளிய போனதும் "நான் மூடிக்கிறேன், நீங்க போங்க"ன்னு கை காட்டுங்க. அவர் மறுபடி கட்டி, இறங்கி, நடந்து வரவேண்டாம் பாருங்க.