ஃபிளைட்கியர்: புதிதாகப் பறக்க வந்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஃபிளைட்கியர் என்ற இலவச விமான விளையாட்டைப் பற்றி வந்த கேள்விகளில், ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: முழுக்க இலவசம் என்கிறார்கள். பாதி வழியில் காசு கேட்குமா?

கேட்காது. 1997-இல் முதன்முதலாக வெளிவந்ததிலிருந்து தன்னார்வலர்கள் கூடி வளர்த்துவரும் திறமூல மென்பொருள் இது. நாணயம் வாங்கு, விளம்பரம் பார் என்ற நச்சரிப்பு இல்லை. இதற்கே வேறு பெயர் சூட்டி விற்றவர்களும் உண்டு. விற்பதை உரிமம் தடுக்கவில்லை. சும்மா கிடைப்பதற்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினி பழையது. ஓடுமா?

தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லையென்றால் திணறும். மரங்களையும் முப்பரிமாண மேகங்களையும் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் ஜியோஎஃப்எஸ் என்ற இன்னொரு விமான விளையாட்டு இருக்கிறது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். கூர்மையான செயற்கைக்கோள் படங்களுக்கு மட்டும் சந்தா.

கேள்வி: அண்ணா, நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். செஸ்னா என்ற சிறு விமானத்தில் என்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாக ஏற்றியதும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போய்விடுகிறது. விசைப்பலகை கெட்டுவிட்டதா?

கெடவில்லை தம்பி. நிஜமான செஸ்னா 172-உம் இப்படித்தான் இழுக்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அதன் சுழல்விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது பின்னால் தள்ளும் காற்று உடற்பகுதியை முறுக்கிச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் ஒதுங்க, மூக்கு இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. ஆகவே வாலில் உள்ள சுக்கானை வலப்பக்கம் திருப்ப வேண்டும். விசைப்பலகையின் வலக்கோடியில் உள்ள எண் பலகையில் என்டர் வலம், பூஜ்யம் இடம். அழுத்திப் பிடிக்காதே, தட்டித் தட்டி விடு.

இன்னொன்றையும் கவனி. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாலும் சுக்கான் தானாக நடுவுக்குத் திரும்பாது. அதே பலகையின் 5-ஐத் தட்ட வேண்டும். இது தெரியாமல்தான் பலர் அடுத்த பக்கத்துப் புல்லுக்குள் போகிறார்கள். த்ராட்டிலை மெல்ல ஏற்று, கண்ணை ஓடுபாதையின் கோடியில் வை, வேகமானி 55 நாட் (நாட் என்பது விமான வேகத்தின் அலகு) காட்டியதும் மூக்கை இலேசாகத் தூக்கு. நேரடி வானிலையை அணைத்துவிட்டுக் காற்றில்லாத நாளைத் தேர்ந்தெடுத்துப் பழகு.

கேள்வி: என்ஜின் கிளம்பவே மாட்டேன் என்கிறது.

திரையின் மேலே உள்ள செஸ்னா பட்டியலில் ஆட்டோஸ்டார்ட் இருக்கிறது, அழுத்துங்கள். கையால் கிளப்புவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கேள்வி: மேலே போகிறேன், திரும்புகிறேன், எல்லாம் சரி. இறங்கும்போது மட்டும் ஓடுபாதைக்கு மேலேயே மிதந்துகொண்டு போகிறது, அல்லது தரையில் பட்டுத் துள்ளுகிறது. என்ன செய்வது?

அநேகமாக நீங்கள் வேகமாக வருகிறீர்கள். ஓடுபாதை கண்ணில் பட்டதும் மூக்கை அதை நோக்கித் தாழ்த்துகிறீர்கள். வேகம் 90 நாட்டைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் இறக்கைக்குத் தூக்குவிசை மிச்சம் இருக்கிறது, அது எப்படித் தரையில் உட்காரும்?

இறங்கும்போது கைகளின் வேலையை மாற்றிப் பிரித்துக்கொள்ளுங்கள். வேகத்தை மூக்கால் பிடியுங்கள், உயரத்தைத் த்ராட்டிலால் பிடியுங்கள். வேகம் ஏறினால் மூக்கைச் சற்று உயர்த்துங்கள். அதிகம் தாழ்ந்துபோனால் மூக்கைத் தொடாமல் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டுங்கள். நாலைந்து கிலோமீட்டருக்கு முன்பே 65 நாட்டில் நிலைத்துவிட வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளான ஃபிளாப்ஸை முழுதாக விரிப்பது 85 நாட்டுக்குக் கீழே வந்த பிறகுதான். ஹோம், எண்ட் விசைகளால் ட்ரிம் செய்துவிட்டால், அதாவது மூக்கு அதே நிலையில் தானே நிற்கும்படி சரிசெய்துவிட்டால், கைக்கு ஓய்வு.

பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையின் ஓரம் நான்கு விளக்குகள் வரிசையாக எரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில் வருகிறீர்கள். நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. தரைக்குப் பத்துப் பதினைந்து அடி மேலே த்ராட்டிலை முழுதாக மூடி, மூக்கைச் சிறுகச் சிறுக உயர்த்திக்கொண்டே வாருங்கள், அது தானே அமரும். துள்ளினால் மூக்கைக் கீழே அழுத்தாதீர்கள், முன்சக்கரம்தான் உடையும். முழு த்ராட்டில் கொடுத்து மேலேறி இன்னொரு சுற்று வாருங்கள்.

கேள்வி: ஏர்பஸ்ஸுக்கு எப்போது மாறலாம்?

குறுக்குக் காற்றில் செஸ்னாவை ஒழுங்காக இறக்கிய பிறகு. இன்றே வேண்டுமென்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, என் மகள் விமானி ஆக ஆசைப்படுகிறாள். இதில் பறக்கும் நேரம் கணக்கில் சேருமா?

சேராது அம்மா. வணிக விமானி உரிமத்துக்கு இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்கும் 200 மணி நேரத்தில் வீட்டுக் கணினியின் ஒரு நிமிடம்கூடச் செல்லாது. ஆனாலும் கருவிகளைப் படிப்பது, வரைபடம் பார்ப்பது, வேலைகளை வரிசை தவறாமல் செய்வது எல்லாம் இங்கே படியும். ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்: வெளியே பார்க்காமல் கருவிகளையே முறைத்துக்கொண்டிருப்பது. அவ்வப்போது வேகமானியை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, தொடுவானத்தையும் என்ஜின் ஒலியையும் வைத்தே பறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னையில் பறக்க முடியுமா?

முடியும். விமான நிலையப் பெட்டியில் சென்னையின் குறியீடான வி.ஓ.எம்.எம். என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். டெர்ராசிங்க் என்ற தரவிறக்க வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிலப்பரப்பு தானாக இறங்கும். கட்டடங்களை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஓடுபாதை 07-இலிருந்து கிழக்கே எழுந்தால் சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். அந்த ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் நீளமானது. செஸ்னாவுக்கு 500 மீட்டரே தாராளம். இறங்கிப் பழக அதைவிடச் சௌகரியமான இடம் ஏது?