குறைந்த பட்ஜெட்டில் முதல் கில்ட்: எதில் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கிளாஸ்கோவில் நண்பர் கல்யாணம், 200 பவுண்டுக்குள் கில்ட்டும் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், பின்னால் மடிப்பு வைத்த கட்டம் போட்ட பாவாடை) அதோடு போடுகிற சாமான்களும் வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் எல்லாம் புதிதாக வேண்டும் என்றால் நடக்காது. பணத்தின் பெரும்பகுதியைக் கில்ட்டில் போடுங்கள், மற்றதை ஒப்பேற்றிவிடலாம்.

எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று தொங்கும் மலிவு கில்ட் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். மடிப்பு சரியாக நிற்காது. கையால் தைத்த எட்டு கெஜக் கம்பளி கில்ட்டோ புதிதாக வாங்கினால் 400 பவுண்டைத் தாண்டும். ஆகவே பழையதைத் தேடுங்கள். வாடகைக்கு விடும் கடைகள் தங்கள் பழைய கில்ட்டுகளை அவ்வப்போது விற்றுத் தள்ளும். தானமாக வந்த பொருளை விற்கும் சாரிட்டி கடைகளிலும் கிடைக்கும். எடின்பரோ கிராஸ்மார்க்கெட்டில் ஆர்ம்ஸ்ட்ராங்ஸ் என்ற பழைய துணிக்கடை இருக்கிறது, அங்கேயும் ஒரு எட்டு பாருங்கள். புதுசுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலி-விஸ்கோஸ் துணியில் எடுங்கள். வீட்டிலேயே துவைக்கலாம், மடிப்பும் ஓரளவு நிற்கும்.

பழைய கில்ட் கைக்கு வந்ததும் முதலில் கீழ் ஓரத்தைப் பாருங்கள். நல்ல கில்ட்டில் அங்கே மடித்துத் தைத்திருக்க மாட்டார்கள். வேட்டிக்குக் கரை மாதிரி, தறியிலேயே முடிந்த ஓரம் அப்படியே இருக்கும். பிறகு பின்பக்க மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பூச்சி அரித்த ஓட்டைகள் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். இடுப்புப் பட்டையின் கொக்கிகளைத் தையல்காரர் ஓரிரு அங்குலம் நகர்த்தித் தருவார். உயரத்தைக் குறைப்பது பெரிய வேலை, அதனால் நீளம் சரியில்லாத கில்ட்டைத் தொடவே வேண்டாம்.

அளவு எடுக்கும்போது ஜீன்ஸ் அளவை மறந்துவிடுங்கள். கில்ட் தொப்புள் மட்டத்தில் கட்டுவது. அங்கே சுற்றளவு எவ்வளவு, பிட்டத்தின் அகன்ற இடத்தில் எவ்வளவு, தொப்புளில் இருந்து முழங்காலின் நடு வரை எவ்வளவு என்று மூன்றையும் வேறொருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் நீளம் தப்பாகிவிடும்.

எந்த டார்ட்டன் (கில்ட் துணியின் கட்ட வடிவம்) என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்னார்தான் உடுத்தலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச் டார்ட்டன் யாருக்கும் பொருந்தும்.

மற்ற சாமான்களில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். இடுப்புக்கு முன்னால் தொங்கவிடும் ஸ்போரன் பை சாதாரணத் தோலில் இருந்தால் போதும், கல்யாணத்துக்கும் ஒன்றும் குறை சொல்ல மாட்டார்கள். முழங்காலுக்குக் கீழ் வரும் காலுறையும், அதன் மடிப்புக்குக் கீழ் தொங்கும் ஃப்ளாஷஸ் என்ற துணிப்பட்டையும் மலிவுதான். கயிறு சுற்றிக் கட்டும் கில்லி புரோக்ஸ் ஷூ அழகு, ஆனால் வீட்டில் இருக்கும் கறுப்பு லெதர் ஷூவே போதும். கோட் மட்டும் இடிக்கும். சூட் கோட் நீளமாக வந்து ஸ்போரனை மூடிவிடும். கில்ட்டுக்கென்று வெட்டிய குட்டைக் கோட்டை மட்டும் வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் வெயிஸ்ட்கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கில்ட்டின் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துணி வரும்; கில்ட் பின் என்ற ஊசியை மேலே உள்ள துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும். காலுறையில் செருகும் ஸ்கீன் டூ கத்தி கட்டாயம் இல்லை. ஆசைப்பட்டு வாங்கினால், விமானத்தில் திரும்பும்போது செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள்.