ஒரே பாரசீகம், மூன்று நாடு

கேள்வி: என் பாட்டி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஈரான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான் மூன்றிலும் பாரசீகம்தான் என்று படித்தேன். அவர்கள் பேசுவது ஒருவருக்கொருவர் புரியுமா? ஒட்டுறவு மிச்சம் இருக்கிறதா?
– வாசகி, கூடலூர், நீலகிரி

பதில்: நன்றாகவே புரியும். உச்சரிப்பும் சில சொற்களும் மாறும், அவ்வளவுதான். எழுத்தில்தான் சிக்கல். ஈரானும் ஆப்கானிஸ்தானும் அரபு எழுத்தில் எழுத, தஜிகிஸ்தானை சோவியத் ஆட்சி முதலில் லத்தீன் எழுத்துக்கும் பிறகு 1940 வாக்கில் ரஷ்ய எழுத்துக்கும் மாற்றிவிட்டது, அதனால் டெஹ்ரானில் அச்சான கவிதையை தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயின் மாணவர் பலருக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. யாராவது வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்வார். பாட்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 1979-ல் இறந்த காபூல் பாடகர் அகமது ஜாஹிரை மூன்று நாட்டிலும் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

கவிஞர்களைப் பங்கு பிரிக்கவே முடியாது. ருதாகி பிறந்த ஊர் இன்றைய தஜிகிஸ்தானில், பிர்தௌசியின் தூஸ் ஈரானில், ரூமியின் குடும்பம் வாழ்ந்த பல்க் ஆப்கானிஸ்தானில், அவர் கல்லறையோ துருக்கியில். ‘எங்கள் கவிஞர்’ என்று அவர்களுக்காக நடக்கும் சண்டை எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அவர்கள் எழுதிய காலத்தில் இந்த எல்லைகளே கிடையாது.

ஆனால் மொழி ஒன்று என்பதற்காக வாசல் திறந்துவிடாது. பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்கள் உட்பட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் 2025-ல் ஈரானிலிருந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று, அதில் பெரும்பகுதி கட்டாயத்தின் பேரில். தமிழ் பேசிக்கொண்டே வந்தும் ‘சிலோன்காரர்’ என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள் உங்கள் பக்கத்தில் நிறையப் பேர், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அப்புறம் நவ்ரூஸ், மார்ச் 20, 21 வாக்கில் வரும் புத்தாண்டு. ஈரானில் ஏழு பொருள் பரப்பி வைப்பார்கள், ஆப்கானிஸ்தானில் ஏழு வகை உலர்பழமும் கொட்டைப்பருப்பும் தண்ணீரில் ஊறும். சமனக் மட்டும் மூன்று இடத்திலும் உண்டு: முளைகட்டிய கோதுமையை இடித்துப் பிழிந்த பாலில் மாவு கலந்து, பெரிய அண்டாவில் பெண்கள் கூடி, பாடிக்கொண்டே விடிய விடியக் கிண்டுவது. அடிப்பிடிக்காமலிருக்க ஆப்கானிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் கழுவிய கூழாங்கற்களை உள்ளே போடுவார்கள். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது, முளையின் இனிப்பு மட்டுமே. தாலிபான் அரசு நவ்ரூஸ் விடுமுறையை எடுத்துவிட்டது, எனக்கு அதில் கோபம்தான். சமனக் காய்ச்சும் காணொளிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, பாட்டியோடு உட்கார்ந்து பாருங்கள்.