ஆட்டிசம்: எந்தப் பயிற்சி மையத்தில் குழந்தையைச் சேர்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது பத்து மாதம் ஆகிறது. ஒன்றரை வயதில் "தாத்தா", "காக்கா" என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் பிறகு அந்தச் சொற்களையும் விட்டுவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சுழற்றிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறான். சென்ற மாதம் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார்கள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மையம் ஆறே மாதத்தில் பேச வைத்துவிடுவதாகச் சொல்லி ஒன்றேகால் லட்சம் ரூபாயை முன்பணமாகக் கேட்கிறது. மயிலாடுதுறையில் ஒரு சிறிய இடத்தில் வாரம் இரண்டு நாள் வரச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் எந்த உறுதியும் தரவில்லை. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரண்டு மா நிலத்தை விற்றாவது தஞ்சாவூரிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் மாமனார். என்ன செய்வது?
- ஒரு தாய், குத்தாலம்

பதில்: முதலில் உங்கள் மாமனாரிடம் நிலத்தை விற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பேரனுக்காக நிலத்தையும் விடத் துணிந்த அவருடைய அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் வாங்கித் தரும் என்று அவர் நம்புகிற உறுதியை உலகில் எந்த மையத்தாலும் தர இயலாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலர் மூன்றரை வயதில் வாக்கியமாகப் பேசுகிறார்கள், சிலர் ஏழு வயதில் பேசத் தொடங்குகிறார்கள், சிலர் பேச்சுக்குப் பதிலாகப் படங்களையும் சைகைகளையும் கொண்டு தம் தேவைகளைத் தெரிவிக்கக் கற்கிறார்கள். உங்கள் மகன் இவர்களில் யார் என்பதை, அவனோடு ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்காத ஒருவர் ஆறு மாதக் கணக்கில் சொல்கிறார் என்றால், அந்தச் சொல்லே அந்த இடத்தைத் தவிர்ப்பதற்குப் போதுமான காரணம். உறுதி எதையும் தராத மயிலாடுதுறைக்காரர்கள் உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் என்றால், குழந்தை பயிற்சியாளரோடு இருப்பது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அவன் விழித்திருந்து உங்களோடு இருப்பது 80 மணி நேரத்துக்கும் மேல். ஆகவே நல்ல மையம் என்பது அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொண்டு மீதி 80 மணி நேரத்தையும் பயனுள்ளதாக மாற்றுகிற மையம், அதாவது குழந்தைக்குக் கற்பிப்பதோடு உங்களுக்கும் கற்றுக்கொடுக்கிற மையம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்கு வழிகாட்டியபோதே, பெற்றோர் குழந்தையோடு பழகும் விதமும், குழந்தை தானாகப் பெற்றோரை நாடித் தொடர்புகொள்வதும் மேம்பட்டன. நம்மைப் போன்ற ஊர்களுக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் செய்தி இல்லை என்றே நான் கருதுகிறேன்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பேச்சுப் பயிற்சியாளர் மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூளியில் உட்கார வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த தூளியைச் சட்டென்று பிடித்து நிறுத்திவிட்டு, குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். பக்கத்தில் இருந்த தாய் "ஆட்டு என்று சொல்லு" என்று தூண்டப் போனபோது, கையால் சைகை காட்டித் தடுத்தார். ஏறக்குறைய பத்து விநாடி கழித்து அந்தக் குழந்தை நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்து "ஆ" என்றது. அவர் உடனே "ஆட்டு!" என்று மகிழ்ச்சியோடு சொல்லித் தூளியை ஆட்டினார். பிறகு தம் இடத்தில் தாயை நிற்க வைத்து, அவரையும் அதே போல நிறுத்திக் காத்திருக்கச் செய்தார். அன்றிரவே அந்தத் தாய் வீட்டில் பால் டம்ளரைக் கொடுக்குமுன் அதையே செய்து பார்த்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. எட்டு மாதம் ஒரு மையத்துக்குப் போய்வந்த நான்கு வயதுச் சிறுவனை என்னிடம் அழைத்துவந்தார்கள். மஞ்சள், பச்சை, யானை, ஆப்பிள் என்று அட்டைகளைக் காட்டினால் கடகடவென்று சொன்னான். ஆனால் தாகம் எடுத்தபோது தண்ணீர் என்று கேட்கத் தெரியாமல் அழுதான். அந்த எட்டு மாதமும் பெற்றோர் வெளியே வராந்தாவில் காத்திருந்தார்களே தவிர, உள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. அந்த நாட்கள் வீணானதை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும், பயிற்சி நடக்கும்போது நீங்கள் உள்ளே இருக்கலாமா என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒருசில நாள் குழந்தை பழகுவதற்காக உங்களைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னால் அது நியாயம். எப்போதுமே அனுமதி இல்லை என்றால் அங்கே சேர்க்க வேண்டாம். அடுத்து, குழந்தையைத் தொடுகிறவர் யார் என்று கேளுங்கள், ஏனெனில் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயரும் அறைக்குள் இன்னொருவரும் இருப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தப் பதிவில் வரமாட்டார் என்பதால் அவரிடம் பட்டச் சான்றைக் கேட்கலாம். அடுத்த மூன்று மாதத்துக்கான இலக்குகளை எழுதித் தரச் சொல்லுங்கள். "கவனம் மேம்படும்" என்று எழுதினால் அதை அளக்க முடியாது. "பத்து முறை கூப்பிட்டால் ஐந்து முறை திரும்பிப் பார்ப்பான்" என்று எழுதினால் உங்களாலேயே சரிபார்க்க முடியும். அழும் குழந்தையைப் பிடித்து அழுத்தி உட்கார வைப்பதையோ அடிப்பதையோ கண்டால், அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

தொலைவையும் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். குத்தாலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய்வரவே அரை நாள் ஆகிவிடும். கூட்டமும் ஹாரன் சத்தமும் உள்ள பேருந்தில் களைத்து இறங்குகிற குழந்தை என்ன கற்றுக்கொள்வான்? மயிலாடுதுறை பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்திலும் அறுவடை நாட்களிலும்கூடத் தவறாமல் போக முடியும்.

பணம் செலவழிக்குமுன் அரசு வழிகளையும் பாருங்கள். டி.இ.ஐ.சி. என்னும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் உங்களுக்கு எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். அங்கே மதிப்பீடும் பயிற்சியும் இலவசம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 ஆட்டிசத்தைத் தனி வகையாகவே ஏற்றிருப்பதால் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது; வெளிநோயாளிப் பயிற்சிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. ஒருமுறை விரிவான மதிப்பீடு வேண்டும் என்றால் சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்துக்குப் போகலாம்.

ஸ்டெம் செல் ஊசி, ஆக்சிஜன் அறை, உடலிலிருந்து உலோகத்தை நீக்குகிறோம் என்ற மருந்து ஆகியவற்றை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே கூறிவிட்டது. உலோக நீக்க மருந்தால் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். உங்கள் வீட்டார் சீர்காழிக்கு அருகே திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகியை வேண்டிக்கொள்ளச் சொன்னால், மனநிறைவோடு போய் வாருங்கள். பயிற்சி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் கடிதத்தின் பின்னால் இருக்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கணவர் வெளிநாட்டில் இருப்பதாலோ, நீங்கள் கைபேசியைக் கொடுத்ததாலோ இது வரவில்லை. பெரும்பாலும் மரபணுக்களின் சேர்க்கையால், பிறப்பதற்கு முன்பே மூளை வளரும் விதத்தில் ஏற்படும் வேறுபாடு இது. ஆயினும் கைபேசி அவன் கையில் இருக்கும் நேரம் உங்களோடு பழகும் நேரத்தைக் குறைக்கும் என்பதால் அதை விலக்கிவிடுங்கள். கணவர் இரவில் அழைக்கும்போது மட்டும் முகம் பார்த்துப் பேசட்டும்.

பயிற்சி தொடங்குமுன் குழந்தையின் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டார்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத எந்தக் குழந்தைக்கும் அதைச் செய்தே ஆக வேண்டும். இது ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் மறுவினையை அளக்கிற, உறக்கத்தில் செய்யப்படும் பெரா பரிசோதனை என்பதால் அன்று காலை அவனைச் சீக்கிரமே எழுப்பிவிட்டு, பகல் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு அழைத்துச் செல்லுங்கள்.