புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் நீங்கள் வழிகாட்டியாக நினைக்கும் அரசு அதிகாரி யார்?

இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய இயற்பியலாளர் அன்னா மாணி. கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வேன்.

அவரை நான் பார்த்ததில்லை. 2001-இல் காலமாகிவிட்டார். காற்றாலைக்கு இடம் பார்க்கும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த பொறியாளர் ஒருவர், அளவீடு பற்றி எந்தச் சந்தேகம் கேட்டாலும், "மேடம் எப்படிச் செஞ்சாங்கன்னு பாருப்பா" என்று அவருடைய அட்டவணைகளைத்தான் எடுத்து வைப்பார். குருவுக்குக் குரு என்ற முறையில் அவர் எனக்கும் குருதான்.

1918-இல் திருவிதாங்கூரில், பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூருவில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தார். ஆய்வேடு சமர்ப்பித்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்துக்காக முனைவர் பட்டம் தரவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அவர் பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். 1945-இல் லண்டன் சென்று வானிலைக் கருவிகள் பற்றிப் படித்து, 1948-இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அப்போது சாதாரண வானிலைக் கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்துதான் வாங்கினோம். அவற்றை இங்கேயே செய்ய வேண்டும் என்று இறங்கி, சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தித் தயாரிக்க வைத்தார். பல நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய்ந்த 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டில் நிறுவினார்.

'நம்ம ஊரில் இல்லாத வெயிலா, அதை எதுக்கு அளக்கணும்?' என்று இன்றும் கேட்கிறார்கள். நேராக விழும் கதிர் எவ்வளவு, மேகத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி வருவது எவ்வளவு, ஆடியில் எவ்வளவு, தையில் எவ்வளவு என்று தெரியாமல் எத்தனை சோலார் தகடு போடுவது என்று எப்படிக் கணக்குப் போடுவீர்கள்? அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களைத்தான் 1980-களின் தொடக்கத்தில் இரண்டு பெரிய நூல்களாக அவர் தந்தார். அன்றைக்குச் சூரிய ஆற்றலில் இறங்கியவர்களுக்கு அவைதான் ஆதாரம்.

அந்த நூல்கள் வந்தபோது அவர் பணியில் இல்லை. 1976-இலேயே துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றுவிட்டார். காற்று வேலையும் அதற்குப் பிறகு செய்ததுதான்.

என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு, அதாவது வேகத்தை அதனாலேயே இருமுறை பெருக்கி வரும் எண்ணுக்கு ஏற்ப மாறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால், ஆற்றலை 33 சதவீதம் கூட்டிக் கணக்கிட்டுவிடுவோம். கடன் வாங்கிக் காற்றாலை நட்டவர் அதோடு முடிந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பேயாய் அடிக்கும் என்பது அந்தப் பக்கத்து மக்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த மாதம், எந்த உயரத்தில், எவ்வளவு வேகம் என்ற பதிவு கையில் இல்லாமல் எந்த வங்கியும் பணம் தராது. வானிலை நிலையங்களில் பழைய பதிவுகள் இருந்தன, சரி. அவை வானிலைக்காக எடுத்தவை. சுற்றிலும் மரமும் கட்டடமும் வளர்ந்துவிட்டால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

அதனால் நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்ட இடங்களின் காற்று விவரங்களைத் திரட்டும் பெரிய ஆய்வை நடத்தினார். தவறாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் பிடிவாதம். என் மூத்தவரிடமும் அதே பிடிவாதம் இருந்தது. கருவி சரியாக அளக்கிறது என்று சொல்லும் அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகியிருந்தால், அதன் பிறகு வந்த பதிவுகளைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். கருவியைத் திரும்பச் சோதிக்கும் வரை அறிக்கையில் சேர்க்க விடமாட்டார், யார் அவசரப்படுத்தினாலும்.

புனேயில் 121 ஆண்கள் பணியாற்றிய பிரிவுக்கு 1953-லேயே தலைமை தாங்கியவர் அவர். இதைத்தான் கட்டுரைகளில் முதலில் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஓய்வுக்குப் பின் பெங்களூருவில் காற்று வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகள் செய்ய ஒரு சிறு பட்டறையே தொடங்கியது. பருவத்துக்குப் பருவம், பகுதிக்குப் பகுதி சரியான அளவு தெரிந்தால்தான் இந்த நாட்டில் காற்றும் வெயிலும் மின்சாரமாகும் என்று அவர் நம்பினார். காற்றாலைகள் இங்கே வரிசையாக எழுவதற்கு முன்பே அதற்கான கணக்கை எடுத்துக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவர்.